நிகர எடை

பெடல் வாங்கப் போன அன்று
பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன்.
முதுகில் பேஸ் கித்தார்,
இடுப்பில் தூக்கிச் செருகிய கொசுவம்.
லாபிஸ் சிவப்பு விளக்கில்
பக்கத்து லோரிக்காரர் தலையை நீட்டினார்:
"யாருக்கும்மா கல்யாணம்?"
யாருக்கும் இல்லண்ணே. சோதனைக்கு.

வோங் சிரிக்கவில்லை.
கரோக்கே பெட்டிகளுக்கும் சோற்றுக் குக்கர்களுக்கும் நடுவே
ஒரு முக்காலி போட்டார்,
மூன்று பெடல்களைத் தரையில் வைத்தார்.

முதலாவதில் இருநூறு ஓசைகள்.
திரையில் பெயர்களை உருட்டினேன்:
குகை, விண்கலம், ஆழ்கடல், உருகும் கண்ணாடி.
நான் வாசிப்பது சமூக மண்டபத்தில்,
பிரியாணிச் சட்டியின் மூடி திறக்கும் நேரத்தில்.
விண்கலத்தை எங்கே இறக்குவது?

ஆனாலும் ஆசை விடவில்லை.
எங்கள் லோகேஸ் மயங்கும் அந்தக் கரகரப்பை மிதித்து
தடித்த தந்தியைத் திறந்து தட்டினேன்.
பல் இருந்தது, ரோமம் இருந்தது.
வயிறு இல்லை.

எனக்கு வேலை செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்.
குலையோடு ஏறும் லோரிக்கு ஓர் எண்,
கொட்டிவிட்டு இறங்கும் லோரிக்கு ஓர் எண்,
கழித்து வருவதற்குத்தான் காசு.
எட்டு வருஷத்தில்
உறுமலைக் கேட்டு எந்த லோரிக்கும்
நான் சீட்டு எழுதியதில்லை.

"சத்தம் கூட்டலாம்" என்றார் வோங்.
சத்தம் இல்லை பாஸ், பாரம்.
அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
"பெராட்" என்றேன், மலாயில்.
அவர் தன் தொப்பையைத் தொட்டு
"சினி?" என்றார்.
ஆமாம். அங்கேதான்.

இரண்டாவதில் பாரம் இருந்தது.
பொத்தான்கள் இரண்டு வரிசை, நெருக்கி நெருக்கி.
கொசுவத்தை இறக்கிவிட்டு நின்றேன், மேடையில் நிற்பதுபோல.
கால் ஒரு பொத்தானைத் தேட
குதிகால் இன்னொன்றை மிதித்தது:
டியூனர்.
கடை முழுக்க மௌனம்.
தாலி கட்டும் நேரத்தில் இது நடந்தால்
பெண்ணின் தாய்மாமன் மேடையேறிவிடுவார்.

மூன்றாவது பழையது.
அடியில் மார்க்கரில் 'ஃபைசால் புஞ்ஞா',
ஒரு மூலையில் பெயிண்ட் உரிந்திருந்தது.
முப்பதே ஓசைகள்.
நான்கு பொத்தான்கள், ஒரே வரிசை,
செருப்பு அகலத்துக்கு இடைவெளி.
ஓரத்தில் சின்னத் திருகு:
மேலே கரகரப்பை விட்டு
அடியில் தந்தியின் சொந்தக் குரலைக் கலக்கும்.
திருகினேன்.
கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
மேல்தட்டில் குக்கர் மூடிகள் கிணுகிணுத்தன.
மூடிகளைக் கையால் பிடித்தபடியே வோங்
இருபது வெள்ளி குறைத்தார்.
அடாப்டர் தனி, நாற்பத்தைந்து என்றார்,
மூடிகளை விட்ட பிறகு.

வெளியே மழை.
ஐந்தடியில் நின்று லோகேஸுக்குச் செய்தி அனுப்பினேன்.
கீபோர்டு ருபினி சிங்கப்பூர் வேலைக்குப் போனதிலிருந்து
பெரிய பெடலாக வாங்கு,
வயலின் கூட்டமெல்லாம் உள்ளேயே இருக்கும்,
நீயே சமாளிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.
வாங்கிவிட்டேன், சின்னது.
இதில் ருபினி இல்லை.
இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன.
பதில் இல்லை.

மறுநாள் காலை, ஆலை கேட் திறக்குமுன்
எடைப்பாலத்தின் நடுவில் அதை வைத்துவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
எங்கள் பாலம் இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும்,
தெரிந்தேதான் வைத்தேன்.

எடுக்கப் போவதற்குள் முதல் லோரி வந்து
இஞ்சின் அணைக்காமல் நின்றது.
ஓட்டுநர் என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.
அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது.
கை வைத்துப் பார்த்தேன்:
தடித்த தந்திக்குக்
கொஞ்சம் கீழே.